வெள்ளை நாரைப் பிய்த்துப் போடாதீர்கள்

மூலத்துக்கு டாக்டர்கள் எழுதித் தரும் மாத்திரைகளில் டாஃப்லான் என்று ஒன்று உண்டு. மருந்துக்கடையில் அதைக் கேட்கும்போதே நம் குரல் தானாகத் தாழ்ந்துவிடும். அட்டையைத் திருப்பிப் பாருங்கள்: டயோஸ்மின் 450 மில்லிகிராம், ஹெஸ்பெரிடின் 50 மில்லிகிராம் என்று போட்டிருக்கும். இரண்டுமே ஆரஞ்சுக் குடும்பத்துச் சரக்குதான். ஆரஞ்சின் தோலுக்கும் சுளைக்கும் நடுவே வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அங்கே மண்டிக் கிடப்பது ஹெஸ்பெரிடின். டயோஸ்மினையும் பெரும்பாலும் அதிலிருந்துதான் ரசாயன மாற்றம் செய்து எடுக்கிறார்கள். கீழே வீங்கிப்போன ரத்தக்குழாய்க்குக் கொடுக்கிற அதே பொருள் மேலே மூளைக்கும் நல்லது என்று கொஞ்ச காலமாக ஒரு பேச்சு.

பேச்சு என் காதுக்கு வந்து சேர்ந்தது சித்தப்பா மூலமாக. தென்காசிப் பக்கம், ரிட்டயர்டு வாத்தியார். அதிகாலையில் வாட்ஸப்பில் வருவதை எல்லாம் ஒன்பது மணிக்குள் சொந்தபந்தம் முழுக்கப் பட்டுவாடா செய்துவிடுவார். போன் வந்தது.

"ஏலே, அனுப்புனதைப் பாத்தியா? ஆரஞ்சுத் தோலைக் காயவெச்சு, பொடி பண்ணி, வெந்நீர்ல கலக்கிக் குடிச்சா மறதி நோய் வரவே வராதாம்."

"யாரு சொன்னா சித்தப்பா?"

"ஜப்பான்ல கண்டுபிடிச்சிருக்கான்லா."

ஜப்பான்காரன் மீது பழி போட்டால் நாம் எதையும் நம்பிவிடுவோம் என்று ஃபார்வர்டு தயாரிப்பவர்களுக்குத் தெரியும். வேடிக்கை என்னவென்றால், இந்த விஷயத்தில் ஜப்பானில் உண்மையாகவே ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. அது சொன்னது வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

கதை ஹங்கேரியில் தொடங்குகிறது. வைட்டமின் சி ஆராய்ச்சிக்காக 1937-இல் நோபல் வாங்கிய ஆல்பர்ட் சென்ட்-ஜார்ஜியை உங்களுக்குத் தெரிந்திருக்கும். நோபலுக்கு முந்தைய வருடமே அவர் இன்னொரு வம்பில் மாட்டியிருந்தார். தோலுக்கடியில் ரத்தம் கசிகிற நோயாளிகள் சிலருக்குச் சுத்தமான வைட்டமின் சி கேட்கவில்லை; எலுமிச்சையிலிருந்து எடுத்த, அவ்வளவு சுத்தமில்லாத சாறு கேட்டது. அப்படியானால் அந்த 'அசுத்தத்தில்' ஏதோ இருக்கிறது என்று அவரும் ருஸ்ன்யாக் என்ற மருத்துவரும் 1936-இல் எழுதினார்கள். மெல்லிய ரத்தக்குழாய்களின் கசிவை அது கட்டுப்படுத்துகிறது என்றார்கள். 'வைட்டமின் பி' என்று பெயர் வைத்தார்கள். நாம் ஒன்று, ஆறு, பன்னிரண்டு என்று எண் போட்டுச் சொல்கிற பி இல்லை. இது ஆங்கிலத்தின் பதினாறாவது எழுத்து. பிறகு வந்த சோதனைகளில் முடிவு ஒருமுறை வந்தால் ஒருமுறை வரவில்லை. அது இல்லாமல் போனால் வருகிற நோய் என்று ஒன்றைக் காட்டவும் முடியவில்லை. 1950-இல் வைட்டமின் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள்.

பட்டம் போனாலும் அவர்கள் தொட்ட இடம் சரியான இடம்தான் என்பது என் கட்சி. இந்தப் பொருட்களுக்கும் மூளைக்கும் உறவு இருக்கிறதென்றால், அது பெரும்பாலும் ரத்தக்குழாய் வழியாகத்தான் இருக்கும்.

இவற்றுக்குப் பொதுப்பெயர் ஃப்ளேவனாய்டு. ஆரஞ்சு, சாத்துக்குடியில் முக்கியமானது ஹெஸ்பெரிடின். பம்பளிமாஸிலும் கிரேப்ஃப்ரூட்டிலும் நரிஞ்சின். கமலா ஆரஞ்சு வகைகளின் மேல்தோலில் நோபிலெட்டின், டாஞ்செரெட்டின் என்று இன்னும் இரண்டு. பம்பளிமாஸ் கசப்பதற்கு நரிஞ்சின்தான் காரணம். ஹெஸ்பெரிடினுக்கோ ருசியே கிடையாது. இரண்டிலும் ஒட்டிக்கொண்டிருப்பது அதே இரண்டு சர்க்கரைகள்தான். ஒன்றோடொன்று கோத்திருக்கும் இடம் மட்டும் மாறுகிறது. அந்தக் கசப்பு எங்கிருந்து வருகிறது என்று நோண்டிக்கொண்டிருந்த ஹொரோவிட்ஸ், ஜென்டிலி என்ற இரு அமெரிக்க வேளாண்துறை வேதியியலாளர்கள், 1960-களின் தொடக்கத்தில் அந்த மூலக்கூறை லேசாகத் திருகிப் பார்த்தார்கள். சர்க்கரையைவிடச் சில நூறு மடங்கு இனிக்கிற ஒரு பொருள் கையில் கிடைத்தது. இன்றும் சில நாடுகளில் அதை இனிப்பூட்டியாகச் சேர்க்கிறார்கள். மூளைக்குச் சம்பந்தமில்லாத தகவல்தான், சொல்லாமல் விட மனசு வரவில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜூஸ் கடையில் சாத்துக்குடியை விதையோடு மிக்ஸியில் அடித்துவிட்டால், முதல் வாய் நன்றாக இருந்து, கொஞ்ச நேரத்தில் கசக்க ஆரம்பிக்கும். அது லிமோனின் என்ற வேறு பொருளின் வேலை. பிழிந்த பிறகு சாற்றின் புளிப்பில்தான் அது உருவாகிறது. கசந்தால்தான் மருந்து என்று நினைத்துக் குடிப்பவர்கள் தயவுசெய்து விதையை எடுத்துவிட்டே குடிக்கலாம்.

சரி, வாய்க்குள் போனபின் என்ன ஆகிறது? ஹெஸ்பெரிடின் சிறுகுடலில் கிட்டத்தட்டச் சீந்துவாரற்றுக் கிடக்கிறது. ஒட்டியிருக்கும் சர்க்கரைகளைக் கழற்ற அங்கே ஆள் இல்லை. பெருங்குடல் வரை போய், அங்கே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதைக் கடித்துப் பிரித்தபிறகுதான் ரத்தத்துக்குள் நுழைகிறது. காலையில் குடித்த ஜூஸின் ஹெஸ்பெரிடின் ரத்தத்தில் உச்சத்தைத் தொடுவது ஐந்து முதல் ஏழு மணி நேரம் கழித்து, அதாவது மதியச் சாப்பாட்டு நேரத்தில். உள்ளே வந்தவுடன் குடல் சுவரும் கல்லீரலும் அதன்மேல் வேறு வால்களை ஒட்டி, 'சீக்கிரம் வெளியே போ' என்று சிறுநீருக்கு வழியனுப்பத் தொடங்கிவிடும். இந்தப் பாக்டீரியாப் படை ஆளுக்கு ஆள் மாறுவதால், ஒரே அளவு ஜூஸ் குடித்த இரண்டு பேரின் ரத்தத்தில் சேரும் அளவு மலைக்கும் மடுவுக்குமாக இருக்கும்.

மற்ற கட்டுரைகள் இந்தக் குடல் கதையை ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன. எனக்கு இதுதான் மையம் என்று தோன்றுகிறது. பிரான்ஸில் 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், அரை லிட்டர் ஆரஞ்சு ஜூஸ் குடித்தவர்களின் ரத்தத்தில் உச்ச அளவு அரை மைக்ரோமோலார் அளவுக்குத்தான் வந்தது. ஆனால் 'நரம்பணுக்களைக் காக்கிறது', 'மூளை அழற்சியைத் தணிக்கிறது' என்று தலைப்பு போடும் ஆய்வகச் சோதனைகள் பலவற்றில், கண்ணாடித் தட்டில் வளரும் அணுக்கள் மீது அதைப்போலப் பத்து, இருபது மடங்கு ஊற்றுகிறார்கள். அதுவும் வால் ஒட்டாத, நம் ரத்தத்தில் அபூர்வமாகவே காணக்கிடைக்கும் வடிவத்தில். எலிக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளும் ஏராளம்: சர்க்கரை நோய் வரவழைத்த எலிகளின் நரம்பு வலி, அல்சைமர் மாதிரி மாற்றம் செய்த எலிகளின் ஞாபகம், நோபிலெட்டின் கொடுத்த எலிகளின் தூக்க விழிப்புக் கடிகாரம் என்று நீளும் பட்டியல். எலிக்கு நல்ல காலம். எலிக்குச் சரியான அல்சைமர் மனிதனுக்குச் சரியாகாமல் போன வரலாறு இன்னும் நீளமானது.

ஆன்டி ஆக்சிடன்ட் என்கிற சொல்லை நான் இதுவரை எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். வேண்டுமென்றேதான். மூளைக்குள் புகுந்து கெட்ட மூலக்கூறுகளை எல்லாம் பிடித்து அழிக்கிற அளவுக்கு இது அங்கே போய்ச் சேர்வதில்லை. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவிலுள்ள தடுப்பு அரண் முழுதாகத் தடுத்துவிடுகிறது என்றும் சொல்வதற்கில்லை. அரணில் உள்ள அணுக்களுக்குள் இது நுழைவதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். போவது சொற்பம், அவ்வளவுதான். ஆனால் ரத்தக்குழாயின் உள்சுவர் இந்தச் சொற்ப அளவை நேருக்கு நேர் சந்திக்கிறது. அந்தச் சுவர் நைட்ரிக் ஆக்ஸைடு சுரந்தால் குழாய் தளர்ந்து ரத்தம் தாராளமாக ஓடும். 2011-இல் வெளிவந்த இன்னொரு பிரெஞ்சு ஆய்வில், உடல் எடை சற்றுக் கூடிய, ஐம்பது வயதைக் கடந்த 24 ஆண்களுக்கு நான்கு வாரம் தினம் அரை லிட்டர் ஆரஞ்சு ஜூஸ் கொடுத்தார்கள். அதே ஆட்களுக்கு வேறொரு நான்கு வாரம் ஜூஸ் இல்லாமல் ஹெஸ்பெரிடின் மட்டும் 292 மில்லிகிராம், இன்னொரு நான்கு வாரம் வெறும் போலி மாத்திரை. முதல் இரண்டிலும் கீழ் ரத்த அழுத்தம் குறைந்தது, போலியில் குறையவில்லை. ஜூஸையும் அதன் சரக்கையும் தனித்தனியே நிறுத்திப் பார்த்ததால் இந்த ஆய்வு எனக்குப் பிடித்த ஒன்று.

இனி மூளை. இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு ஆரஞ்சு ஜூஸுக்கும் மூளைக்கும் உள்ள உறவைத் தொடர்ந்து ஆராய்ந்துவந்திருக்கிறது. 2015-இல் அவர்கள் வெளியிட்டதில், 60 முதல் 81 வயதுக்குள் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த 37 பேர். எட்டு வாரம் தினமும் 305 மில்லிகிராம் ஃப்ளேவனோன் (ஹெஸ்பெரிடின் சேர்ந்த ஃப்ளேவனாய்டு வகை) உள்ள ஆரஞ்சு ஜூஸ். எட்டு வாரம் 37 மில்லிகிராம் மட்டுமே உள்ள ஆரஞ்சு ருசி பானம். எது எது என்று குடிப்பவருக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது. வார்த்தைப் பட்டியலை நினைவில் வைத்துச் சொல்வது மாதிரியான பல சோதனைகளின் மதிப்பெண்ணைச் சேர்த்துப் பார்த்தபோது, ஜூஸ் குடித்த காலத்தில் மொத்த மதிப்பெண் கூடியிருந்தது. ரத்த அழுத்தம் மாறவில்லை, மனநிலையும் மாறவில்லை. பிரெஞ்சு ஆய்வில் ரத்த அழுத்தம் குறைந்தது, இங்கே குறையவில்லை என்பதைச் சும்மா குறித்துக்கொள்ளுங்கள். இந்தத் துறையே இப்படித்தான் இருக்கிறது.

அடுத்த வருடம் அதே ஊரிலிருந்து இரண்டு. ஒன்றில் 30 முதல் 65 வயது வரையுள்ள 24 ஆண்கள் ஒரு டம்ளர், 240 மில்லி குடித்தார்கள். ஆறு மணி நேரம் வரை சோதித்ததில் கவனமும் கைவேகமும் தேறின. இன்னொன்றில் இளைஞர்களுக்குச் சிட்ரஸ் ஜூஸ் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து மூளையை ஸ்கேன் செய்து பார்த்தபோது, நெற்றிப் பக்கத்தில் வலதுபுறம் ஒரு பகுதியில் ரத்த ஓட்டம் கூடியிருந்தது. ஸ்கேனுக்குப் படுத்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஹெஸ்பெரிடின் உச்சத்துக்கு வர ஐந்து மணி நேரமாகும் என்று மேலே சொன்னேனே, இரண்டு மணி நேரத்தில் எப்படி என்று நீங்கள் கேட்டால், நியாயமான கேள்வி. ஜூஸில் இருப்பது ஹெஸ்பெரிடின் மட்டுமல்ல என்பதுதான் எனக்குத் தோன்றும் பதில்.

சிறு சோதனைகளை விட்டுப் பெருங்கூட்டத்துக்கு வருவோம். அமெரிக்காவில் சுமார் 49,000 நர்சுகளையும் 27,000-க்கும் மேற்பட்ட ஆண் சுகாதாரப் பணியாளர்களையும் இருபது வருடத்துக்கு மேல் தொடர்ந்து, என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்டுவந்தார்கள். கடைசியில், 'கடைக்கு எடுத்துப்போகும் பட்டியல் மாதிரிச் சின்ன விஷயங்களை நினைவில் வைப்பது முன்பைவிடச் சிரமமாக இருக்கிறதா?' என்பது போன்ற கேள்விகள். 2021-இல் வந்த முடிவில், ஆரஞ்சு வகை ஃப்ளேவனாய்டுகளை அதிகம் சாப்பிட்டவர்கள் மறதியைப் பற்றிக் குறைப்பட்டது, குறைவாகச் சாப்பிட்டவர்களைவிடச் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவு. பழம் சாப்பிடுகிறவர் நடக்கவும் செய்வார், புகை பிடிக்காமல் இருப்பார், கையில் நாலு காசும் இருக்கும். கணக்கில் அதை எல்லாம் கழித்துத்தான் பார்த்தார்கள் என்றாலும், இந்த மாதிரிக் கழித்தலில் எப்போதும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

இப்போது சித்தப்பாவின் ஜப்பான். மியாகி மாகாணத்தின் ஒசாகி பகுதியில் 65 வயதைத் தாண்டிய 13,373 பேரைத் தொஹோக்கு பல்கலைக்கழகத்தினர் ஆறு வருடத்துக்குச் சற்றுக் குறைவாகத் தொடர்ந்தார்கள். 2017-இல் முடிவு வந்தது. ஏறக்குறைய தினமும் ஆரஞ்சு வகைப் பழம் சாப்பிட்டவர்களுக்கு, வாரம் இரண்டு முறைக்கு மேல் போகாதவர்களைவிட டிமென்ஷியா வந்தது 14 சதவீதம் குறைவு. புள்ளியியல் கோட்டை அது மயிரிழையில் தாண்டவில்லை. தோல் பொடி இல்லை, வெந்நீர் இல்லை, 'வரவே வராது' இல்லை. பழம் சாப்பிட்டார்கள், கொஞ்சம் குறைவாக வந்தது போலத் தெரிகிறது. அவ்வளவுதான் ஜப்பான்காரர் சொன்னது.

குளிர்ந்த நீர் ஊற்றுகிற இன்னொரு தகவலையும் வைத்துவிடுகிறேன். கோகோவின் ஃப்ளேவனாய்டுகள் பற்றியும் இதே மாதிரிச் சிறு சோதனைகள், இதே மாதிரி நம்பிக்கை. அமெரிக்காவில் 2,262 முதியவர்கள் கலந்துகொண்ட சோதனையில், பாதிப் பேருக்கு மூன்று வருடம் தினமும் 500 மில்லிகிராம் மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 2022-இல் வந்த முடிவில் அறிவுத்திறனில் பலன் ஏதுமில்லை. ஆரஞ்சுக்கு இவ்வளவு பெரிய, இவ்வளவு நீண்ட சோதனை நடக்கும் வரை, ஹெஸ்பெரிடின் மாத்திரையை மறதிக்கென்று வாங்குவது வீண் செலவு என்பேன். மூலத்துக்கு டாக்டர் எழுதினால் போடுங்கள்.

பழத்துக்கு அந்த நிபந்தனை எதற்கு? அது எப்படியும் நல்லதுதானே. ஆனால் நாம் சாப்பிடுகிற விதம் இருக்கிறதே. சாத்துக்குடியைத் தோல் சீவி, குறுக்கே வெட்டி, பிழிந்து, சக்கையைத் தொட்டியில் தட்டி, வடிகட்டி, இரண்டு கரண்டி சீனி, ஒரு பிடி ஐஸ். ஃப்ளேவனாய்டு முக்கால்வாசி அந்தச் சக்கைத் தொட்டியில். மாடு சாப்பிடும், மாட்டுக்கு ஞாபக சக்தி வளரட்டும். கடையில் பாட்டிலில் வரும் ஆரஞ்சு ஜூஸில் சீனி சேர்க்காவிட்டாலும் அரை லிட்டரில் 40 கிராமுக்குமேல் பழச்சர்க்கரையே இருக்கும். சர்க்கரை நோய் மறதி நோய்க்கான பெரிய காரணங்களில் ஒன்று. ரெடிங் ஆய்வைக் காட்டித் தினம் அரை லிட்டர் ஜூஸ் குடிக்கச் சொல்பவர்கள் ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிக்கிறார்கள்.

கமலா ஆரஞ்சை உரிக்கும்போது பாருங்கள். தோல் கழன்றதும் சுளைகள்மேல் வலைபோல ஒரு வெள்ளை நார் படர்ந்திருக்கும். நடுவில் தண்டு மாதிரி ஒரு பஞ்சுத் திரி. குழந்தைக்குக் கொடுக்கிற அம்மாக்கள் அதைச் சுளை சுளையாக, நகத்தால் நறுவிசாகக் கிள்ளி எடுத்து, பளபளவென்று ஆக்கித்தான் வாயில் வைப்பார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. அந்த நாரிலும், சுளையை மூடிய சவ்விலும்தான் ஹெஸ்பெரிடின் அடர்ந்திருக்கிறது. கசக்காது, ருசிக்காது, பல்லில் கொஞ்சம் மாட்டும். அப்படியே தின்றால் போதும். தோலைப் பொடி செய்கிற வேலையே வேண்டாம். இறக்குமதி ஆரஞ்சின் மேல்தோலில் மெழுகும், பூஞ்சணம் பிடிக்காமலிருக்க இமசலில் மாதிரி மருந்தும் பூசியிருப்பார்கள். கழுவினால் முழுதாகப் போகாது.

உப்பு நார்த்தங்காயைக் கேட்பீர்கள், தெரியும். தடித்த வெள்ளைச் சதையோடு சுருளாக நறுக்கி, இடுக்கில் எல்லாம் உப்பைத் திணித்து, வெயிலில் போட்டு, கறுத்துப்போன ஒரு துண்டைத் தயிர் சாதத்துக்குத் தொட்டுக்கொள்ளும் சுகத்தை நான் ஏன் மறுக்கப்போகிறேன். ஜுரம் விட்ட நாக்குக்கு அதைவிட மருந்து இல்லை. ஆனால் மூளைக்கு மருந்து என்று அதைக் கணக்கில் சேர்க்க மாட்டேன். அத்தனை உப்பு, ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு எதிர்த் திசையில்தான் இழுக்கும். 2024-இல் லான்செட் குழு மறதி நோய்க்கு மாற்றக்கூடிய காரணங்கள் என்று பதினான்கைப் பட்டியலிட்டது. அதில் ரத்த அழுத்தம் உண்டு, சர்க்கரை உண்டு, காது கேளாமை கூட உண்டு. ஆரஞ்சு சாப்பிடாமை இல்லை. சித்தப்பாவிடம் இதைச் சொல்லி, காது மெஷினைப் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டச் சொன்னேன். "அது இரையுதுல்லா" என்றார்.

கடைசியாக ஒன்று. நரம்புக்கு நல்லது என்று படித்துவிட்டுப் பம்பளிமாஸைத் தேடி ஓடுகிறவர்கள் அவசியம் கேட்க வேண்டியது. கனடாவில் டேவிட் பெய்லி என்ற மருந்தியலாளர், ரத்த அழுத்த மாத்திரையோடு மதுவைச் சேர்த்தால் என்ன ஆகும் என்று சோதித்துக்கொண்டிருந்தார். மதுவின் வாடை தெரியக்கூடாது என்று கிரேப்ஃப்ரூட் ஜூஸில் கலந்து கொடுத்தார். மாத்திரையின் அளவு ரத்தத்தில் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு ஏறியது. மதுவால் இல்லை, ஜூஸால். முதலில் நரிஞ்சின் மேல்தான் சந்தேகம் விழுந்தது. முக்கியக் குற்றவாளி ஃபுரானோகூமரின் என்ற வேறு வகைப் பொருட்கள் என்று பிறகு தெரிந்தது. குடல் சுவரில் மருந்தைச் சிதைக்கும் நொதியை அவை முடக்கிவிடுகின்றன. கிரேப்ஃப்ரூட்டின் மூதாதையான பம்பளிமாஸிலும் அவை இருக்கின்றன. சாத்துக்குடிக்கும் கமலா ஆரஞ்சுக்கும் இந்தப் பயம் வேண்டியதில்லை.

வலிப்புக்கும் முக நரம்பு வலிக்கும் கொடுக்கிற கார்பமசெபின் இப்படிப் பாதிக்கப்படும் மருந்துகளின் பட்டியலில் வருகிறது. கொலஸ்ட்ரால் மாத்திரைகளில் சிம்வாஸ்டாட்டின், அடோர்வாஸ்டாட்டின், சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்கள் சாப்பிடும் டாக்ரோலிமஸ், இவையும் வருகின்றன. மாத்திரையைக் காலையிலும் பழத்தை மாலையிலுமாகப் பிரித்துக்கொள்ளலாமே என்று நினைக்காதீர்கள். முடங்கிய நொதி திரும்ப உற்பத்தியாக ஒரு நாளுக்கு மேல் பிடிக்கும். இதில் ஏதாவது ஒரு மாத்திரை போடுகிறவர் டாக்டரைக் கேட்காமல் பம்பளிமாஸைத் தொட வேண்டாம்.